மூடி போட்ட சங்கதி

புது வீடு கட்டி முடித்தவர் நம்மை அழைத்துக் காட்டும்பொழுது கூடத்தைக் காட்டுவார். பூஜை அறையைக் காட்டுவார். சமையலறை மேடைக்குக் கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் சொல்லுவார். கொல்லைப்புறத்தில் மண்ணுக்குள் புதைத்துச் சிமெண்டு மூடி போட்டிருக்கும் தொட்டியை மட்டும் ஒருவரும் காட்டுவதில்லை. நாமும் கேட்பதில்லை. அதைப் பற்றி வாயெடுப்பது மரியாதையன்று என்பது நம்முடைய எண்ணம். அந்த மரியாதையற்ற சங்கதியைத்தான் இந்த வாரம் பேச உத்தேசித்திருக்கிறோம். நேயர்கள் மூக்கைப் பிடித்துக் கொள்ளாமல் கேட்க வேண்டும்.

பேச்சுக்கு இடமாகக் கவுஞ்சியை எடுத்துக் கொள்ளுவோம். கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையையும் கடந்து மன்னவனூர்ப் பக்கம் செல்லும் பிரயாணிகள் பார்க்கக் கூடிய மலைக் கிராமம் அது. சரிவுகளைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடுகிற பிரதேசம். இந்த மலைப் பூண்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைப்பாங்கான ஊர்களில் தோட்டங்களைப் போலவே வீடுகளும் படிப்படியாகத்தான் அமைகின்றன. மேல் வீட்டுக்காரரின் வாசற்படி கீழ் வீட்டுக்காரரின் கூரைக்கு நேராக இருக்கும். அப்படியானால் மேல் வீட்டுக்காரரின் கழிவுத் தொட்டி எங்கே இருக்கும்? கீழ் வீட்டுக்காரரின் தலைக்கு மேலேதான்!

சமவெளியில் இந்தத் தொட்டி சரியில்லாவிட்டால் அவரவர் கிணறு கெடும். மலையில் அப்படியல்ல, ஊருக்கு ஊர் கெடும். பழனி மலையின் மேற்கு முகத்தில் ஓடும் தேனாறு அமராவதியில் போய்ச் சேருகிறது. அமராவதி அணைத் தண்ணீர் உடுமலைப்பேட்டையையும் தாராபுரத்தையும் கரூரையும் நோக்கிப் போகிறது. பேரிஜம் ஏரியின் ஜலம் பெரியகுளத்தாரின் குடிநீர். மலைமேல் இருப்பவர் அலட்சியமாக விட்டது, பெயரும் தெரியாத யாரோ ஒருவரின் குடத்தில் வந்து நிறைகிறது.

இனி அந்தத் தொட்டியின் யோக்கியதை என்ன என்று பார்ப்போம். 1860-ஐ ஒட்டிப் பிரான்ஸ் தேசத்தில் மூரா என்பவர் முதலில் இப்படி ஒன்றைக் கட்டினார். 1890-களில் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்தின் சர்வேயர் டொனால்டு காமரன் அதைத் திருத்தி அமைத்து, ‘செப்டிக் டாங்க்’ என்ற பெயரையும் சூட்டினார். நம் தேசத்துக்கு அது வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. வங்காளத்தில் சுகாதார உத்தியோகம் பார்த்த கிளெமெஷா என்ற வெள்ளைக்காரர், உஷ்ண தேசங்களில் கழிவுநீரை அகற்றும் முறையைப் பற்றி 1910-லேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

தொட்டி செய்கிற வேலை சொற்பம். கனமானவை அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெய்ப்பசை மேலே ஆடையாகக் கட்டுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றைத் தின்று கரைக்கின்றன. நடுவிலுள்ள நீர் வெளியே போகிறது. அழுக்கில் ஏறக்குறையப் பாதிதான் இதனால் குறையும். வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிவாயிருக்கலாம். டைபாய்டுக் கிருமியும், காமாலைக் கிருமியும், புழுக்களின் முட்டைகளும் அதில் தாராளமாக இருக்கும். அவற்றை உண்மையில் அழிப்பது தொட்டிக்கு அப்புறமுள்ள உறிஞ்சு குழியும், அதைச் சுற்றியுள்ள மண்ணும். நீர் மெதுவாக மண்ணில் கசிந்து இறங்கும்போதுதான் சுத்தமாகிறது. ஆகையினால்தான் இந்திய தரக் கட்டளை, உறிஞ்சு குழிக்கும் கிணறு முதலிய குடிநீர் நிலைக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் தூரம் வேண்டும் என்று சொல்லுகிறது. குடியிருக்கும் கட்டிடத்துக்கும் குழிக்கும் நடுவே 6 மீட்டர்.

கொடைக்கானல் மலையில் இந்தக் கணக்கெல்லாம் தடுமாறுகிறது. பல சரிவுகளில் மேல்மண் கொஞ்சம்; அடியில் கடும் பாறை. குழியில் இறங்கிய நீர் பாறையில் முட்டி, சரிவு வழியே பக்கவாட்டில் ஓடி, அடுத்த படியில் ஊற்றாகக் கிளம்பலாம். குளிரும் ஒரு விரோதி. நம்மைப் போலவே அந்த நுண்ணுயிர்களும் குளிரில் சோம்பல் படுகின்றன. சென்னையில் சுறுசுறுப்பாகக் கரையும் சேறு, மார்கழி மாதத்து மலைக் குளிரில் அப்படியே தங்கிவிடும். எனவே மலையில் தொட்டி பெரிதாயிருக்க வேண்டும். அடிக்கடி வாரவும் வேண்டும். நடப்பதோ இதற்கு நேர் விரோதம். இடம் குறைவென்று தொட்டியைச் சிறிதாக்குவதும், நிறையக் கூடாதென்று அடியில் தளம் போடாமல் விடுவதும் நம் மாகாணம் முழுவதும் கொத்தனார்கள் அறிந்த ‘யுக்தி’. “முப்பது வருஷமாக எங்கள் தொட்டி நிறையவே இல்லை” என்று பெருமை பேசும் கனவான்கள் நம்மிடையே உண்டு. நிறையாத தொட்டி தொட்டியன்று; ஓட்டை!

இதையெல்லாம் யார் பார்க்க வேண்டும்? ஒரு குடும்பஸ்தர் கவுஞ்சியில் வீடு கட்டுவதாக வைத்துக் கொள்வோம். கட்டிட அனுமதிக்காக ஊராட்சிக்குப் படம் கொடுக்கிறார். படத்தில் ஒரு மூலையில் சிறு கட்டம் வரைந்து ‘செ. டா.’ என்று எழுதியிருக்கிறது. அனுமதி கிடைக்கிறது. தொட்டி வெட்டுகிறார்கள், மூடுகிறார்கள். படத்தில் கண்ட அளவில் வெட்டினார்களா, தளம் போட்டார்களா, ஓடைக்கு எத்தனை அடி தள்ளி வெட்டினார்கள் என்று மூடி விழுவதற்கு முன் ஒருவர் வந்து பார்த்தால் அரை மணி நேரத்து வேலை. அந்த அரை மணி நேரம் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போய்விடுகிறது. பெரிய ஹோட்டல்களானால் 1974-ம் வருஷத்து நீர்ச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் பெற வேண்டும். ஆனால் அந்த வாரியம் வீடு வீடாகக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்க முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

சட்டம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 1939-ம் வருஷத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இப்படி முழுமையானதொரு சட்டம் இந்தியாவில் அதுவே முதலாவது. அப்பொழுது சுகாதார மந்திரியாயிருந்தவர் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். அந்நிய ஆட்சியின் நிழலில், இரண்டு வருஷத்துச் சொற்ப அதிகாரத்தில் இருந்தவர்கள், சாக்கடையையும் கக்கூஸையும் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகச் சட்டம் எழுதினார்கள்! ஆலோசனைக்கென ஒரு சுகாதாரச் சபை; உள்ளே நுழைந்து பார்க்கச் சுகாதார அதிகாரிக்கு உரிமை; கேடு விளைவிக்கும் சாக்கடையைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க அதிகாரம் - எல்லாம் அதில் உண்டு. அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் இருக்கிறது. கை வைக்க ஆளில்லாமல் அலமாரியில் இருக்கும் கருவி என்று அதைச் சொல்லலாம்.

அந்நிய தேசங்களில் என்ன செய்கிறார்கள்? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரை அமெரிக்கன் மிஷன் பாதிரிமார்கள். மதுரைப் பக்கத்து நோய்களுக்குப் பயந்து மலையேறியவர்கள் அவர்கள். அவர்களை அனுப்பிய சங்கத்தின் தலைமை ஸ்தானம் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்துப் பாஸ்டன் நகரம். அதே மாஸச்சூஸெட்ஸில் இன்று ஒருவர் சாக்கடை வசதியில்லாத இடத்தில் வீடு கட்டினால், உள்ளூர்ச் சுகாதார போர்டின் அனுமதிச் சீட்டு வேண்டும். போர்டின் ஆள் முன்னிலையில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, மண் எத்தனை நிமிஷத்தில் எத்தனை அங்குலம் உறிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். வீட்டை விற்கும்போதும் தொட்டியைச் சோதித்தாக வேண்டும். ஜப்பானில் 1983-ம் வருஷத்துச் சட்டப்படி வீட்டுக் கழிவுத் தொட்டிகளுக்கு வருஷாந்தரப் பரிசோதனை உண்டு. இங்கிலாந்தில் 2020 ஜனவரி முதல், செப்டிக் டாங்க் நீரை நேரே ஆற்றிலோ ஓடையிலோ விடக் கூடாது. நம் தமிழ் மக்கள் பலர் வாழும் மலேசியாவில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தொட்டியை வாருவதென்று முறை வைத்திருக்கிறார்கள்.

நம் சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014-ல் கழிவுச் சேற்றை அப்புறப்படுத்துவதற்கான வழிமுறைகள் வெளியாயின. 2017-ல் மதுராந்தகத்துக்கு அருகேயுள்ள கருங்குழிப் பேரூராட்சியில், தொட்டிச் சேற்றைச் சுத்திகரிப்பதற்கென்றே ஒரு நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. 2023 தொடக்கத்தில் வெளியான விதிகள், சேறு வாரும் லாரிகளுக்கு இரண்டு வருஷ லைசென்ஸைக் கட்டாயமாக்கின. கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய், மறுபடியும் கொட்டினால் 50,000 ரூபாய் அபராதம். நல்ல விதிதான். ஆனால் அதை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது நகரம். மன்னவனூர்ச் சாலையின் வளைவுகளில் லாரி ஏறி வந்து, நிரப்பிக்கொண்டு, கொட்ட உரிமையுள்ள இடத்துக்கு மீண்டும் போவதென்றால் மணிக்கணக்காகும். வாடகை ஆயிரக்கணக்கில் போகும். வழியில் பள்ளத்தாக்குகளுக்குக் குறைவில்லை. இரவில் பார்ப்பாரும் இல்லை. சபலத்துக்கு இதைவிட வசதியான பாதை வேறு கிடையாது.

லாரி வராத இடத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே கை கூசுகிறது. மூடியைத் திறந்து மனிதனை இறக்குகிறார்கள். தொட்டிக்குள் தேங்கிய விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுகிறான். 2013-ம் வருஷத்துச் சட்டம் இதைக் குற்றமாக்கிவிட்டது. இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நின்றபாடில்லை. இறங்குகிறவர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்பது நேயர்களுக்குத் தெரியும். 1901-ல் கல்கத்தாக் காங்கிரஸ் கூட்டத்தில் காந்திஜி துடைப்பம் கேட்டு வாங்கி அசுத்தத்தை அள்ளியபோது, அங்கே இருந்த தொண்டர்கள் அது தங்கள் வேலையல்ல என்று நின்றார்கள். நாம் இன்னும் பெரும்பாலும் அந்தத் தொண்டர்களாகவே இருக்கிறோம்.

கவுஞ்சிப் பக்கத்துக்கு இப்பொழுது புதிய சோதனையும் வந்திருக்கிறது. கொடைக்கானலில் கூட்டம் மிகுந்ததால், ‘அமைதி’ தேடும் பட்டணத்துவாசிகள் மேல்மலைக் கிராமங்களை நாடுகிறார்கள். நால்வர் குடும்பத்துக்கு வெட்டிய தொட்டியில் சனி ஞாயிறுகளில் இருபது பேரின் கழிவு விழுந்தால், சேறு படிய அவகாசமில்லாமல் கலங்கிய நீராகவே வெளியே தள்ளப்படும். கோர்ட்டு உத்தரவின் பேரில் 2024 மே மாதம் 7-ந் தேதி முதல் கொடைக்கானலுக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. வண்டிகளை எண்ணத் தொடங்கியது நல்லதே. தொட்டிகளை யார் எண்ணுவது? 1863-ல் லெவிஞ்சு துரை ஓடையைத் தடுத்து அமைத்த ஏரியில் கழிவுநீர் கலக்கிறதென்ற புகார் பல வருஷங்களாக எழுந்து வருகிறது. அந்த ஏரி வழிந்து விழுவதைத்தான் வெள்ளி நீர்வீழ்ச்சி என்று நாம் போட்டோ பிடித்துக் கொள்ளுகிறோம்.

பெரிய திட்டங்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் வரும்வரை கவுஞ்சி காத்திருக்க வேண்டியதில்லை. ஊராட்சியில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த வீட்டில் எத்தனை அடித் தொட்டி, தளம் உண்டா, உறிஞ்சு குழி உண்டா, ஓடைக்கு எத்தனை தூரம், கடைசியாக வாரியது எந்த வருஷம் - இவ்வளவையும் எழுதி வைக்கலாம். சுகாதார ஆய்வாளர் மூடி விழுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்திடலாம். பக்கத்துக் கிராமங்கள் நாலைந்து சேர்ந்து மேல்மலையிலேயே ஒரு சிறு சுத்திகரிப்பு இடமும், வளைவுகளில் திரும்பக் கூடிய சின்ன வண்டி ஒன்றும் கேட்கலாம். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச்சு 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த நோட்டுப் புத்தகம் எங்கே என்பதுதான்.