ஒரே மாங்காய், ஊருக்கு ஒரு ருசி

ஊறுகாய் என்றதும் நம் நாக்குக்கு ஒரே ஒரு ருசிதான் ஞாபகம் வரும். அவரவர் வீட்டு ருசி. வேறு ஊர் ஊறுகாயைத் தொட்டால் "ஏதோ குறையுதே" என்று தோன்றும். அந்த 'ஏதோ' என்ன என்று தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் மண்ணில்தான் வந்து நிற்போம். அதனால்தான் உழவர்கள் படிக்கிற இதழில் ஊறுகாயைப் பற்றி எழுதுகிறேன்.

போச்சம்பள்ளிப் பக்கத்து ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பக்கம் ஆந்திரம், ஒரு பக்கம் கர்நாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும். மாங்காய் ஒன்றுதான், ஊறுகாய் மூன்று. தெலுங்குக்காரர் வீட்டில் ஆவக்காய். கொட்டை ஓட்டோடு வெட்டிய துண்டில் கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, நல்லெண்ணெய் சேரும். 'ஆவ' என்றாலே கடுகுதான். கன்னட மலைநாட்டில் மிடி. பிஞ்சுக் காயைப் பால் வடியாமல் காம்போடு பறித்து, உப்பில் சுருங்கவிட்டு, கடுகும் மிளகாயும் அரைத்துச் சேர்ப்பார்கள். நம்ம வீட்டில் வெந்தயமும் பெருங்காயமும் தூக்கலாக இருக்கும்.

இப்போது நான்காவது ருசியும் வந்துவிட்டது. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தைக்கு வருகிறார்கள். ஒரு தம்பிக்கு எங்கள் வீட்டு ஊறுகாயைக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு அண்ணா, ஆனா கடுகு எண்ணெய் இல்லையே" என்றான். அவர்கள் ஊரில் கடுகு எண்ணெயும் சோம்பும் கருஞ்சீரகமும் இல்லாமல் ஊறுகாய் கிடையாது. கங்கைச் சமவெளியில் கடுகு விளைகிறது, நம்ம மேட்டுக்காட்டில் எள் விளைகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதே மாங்காய் கடல் தாண்டியும் போயிருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழரும் தெலுங்கரும் அதில் இருந்தார்கள். பின்னால் போனவர்களில் நம் அண்டைப் பகுதியான வட ஆற்காட்டு ஆட்கள் நிறைய. அவர்களோடு போன ஊறுகாய் இன்று அங்கே 'அச்சார்'. நல்லெண்ணெய்க்குப் பதிலாக அந்த நாட்டில் விளையும் சூரியகாந்தி எண்ணெய் சேர்ந்தது. நம்மவர்களைவிட இப்போது ஆப்பிரிக்க மக்கள்தான் அதை ரொட்டிக்குள் வைத்து அதிகம் சாப்பிடுகிறார்கள். லிம்போப்போ மாகாண மாந்தோப்புகளில் கணிசமான காய் பச்சையாகவே அச்சாருக்குப் போகிறது.

1845இல் கூலிக்கப்பல் போன டிரினிடாடில் அதன் பெயர் 'குச்சேலா'. மாங்காயைத் துருவி, சாறு பிழிந்து, வெயிலில் காயவைத்து, வறுத்துப் பொடித்த மசாலாவும் கடுகு எண்ணெயும் அந்தத் தீவின் காரமான குண்டு மிளகாயும் சேர்ப்பார்கள். போனவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர், அதனால் கடுகு எண்ணெய் கூடவே போனது. இராக்கில் 'அம்பா' என்று கூழாக இருக்கும். மராத்தியில் மாம்பழத்துக்கு என்ன பெயரோ அதே பெயர். பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் கொண்டுபோனது என்பார்கள். அதில் எண்ணெயைவிட வெந்தயமும் மஞ்சளும் புளிப்பும்தான் முன்னே நிற்கும். இலங்கை அச்சாறில் வினிகரும் அரைத்த கடுகும் சின்ன வெங்காயமும்.

பாருங்கள், எல்லா இடத்திலும் நிலைத்தது மாங்காயும் உப்பும்தான். எண்ணெய், காரம், புளிப்பு மூன்றையும் பெரும்பாலும் அந்தந்த நிலம் தீர்மானித்தது. ஆனால் வேலை ஒன்றே. உப்பு காயின் நீரை இழுத்து, கெடுக்கும் நுண்ணுயிர்களை அடக்கும். காயின் புளிப்பு அதற்குத் துணை நிற்கும். மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சணம் வராமல் காக்கும். கடுகின் காரத்துக்கே கிருமியை அடக்கும் குணம் உண்டு. நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காததற்கு எள்ளில் இயற்கையாக உள்ள சத்துகளே காரணம். வினிகர் விளையாத ஊரில் வினிகர் தேவைப்படவில்லை.

சரி, இதில் நமக்கு என்ன?

நம் மாவட்டத்தில் விளையும் மாவில் பெரும்பகுதி கிளிமூக்கு, அதாவது பெங்களூரா. அதை வாங்குவது கூழ் ஆலை. விலையை நாம் சொல்வதில்லை. 2025 சீசனில் என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தது. ஆலை 8, அரசு 4. தங்கள் விவசாயியைக் காப்பாற்ற, சித்தூர் மாவட்டத்துக்குள் வெளிமாநிலக் கிளிமூக்கு வரக்கூடாது என்று தடையும் போட்டார்கள். ஒரே ரகம், ஒரே ருசி, ஒரே வகை வாங்குபவர் என்று ஆனால் கதவை ஒருவர் சாத்தினாலே போதும், லோடு ரோட்டில் நிற்கும்.

டன் கணக்கில் வரும் கிளிமூக்கை ஊறுகாய் போட்டுத் தீர்க்க முடியாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொல்வது வரப்போரத்து நாட்டு மாமரத்தைப் பற்றி. நார் அதிகம், புளிப்பு அதிகம் என்று அதை வெட்டிவிட்டு ஒட்டுக்கன்று வைக்கிறோம். ஆனால் ஊறுகாய்க்கு வேண்டியது அந்தப் புளிப்பும் நாரும்தான். துண்டு வருஷம் முழுக்கக் கரையாமல் நிற்கும். மலைநாட்டில் ஆற்றோரம் தானாக முளைத்த 'அப்பெமிடி' மாமரங்களுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த மக்கள் தங்கள் ருசியை விட்டுக்கொடுக்காததால் அந்த மரத்துக்கு மதிப்பு இருக்கிறது. நாக்கு மறந்த மரத்தைக் கோடரி மறக்காது.

எங்கள் வீட்டு அளவு இது. துடைத்துக் காயவைத்த மாங்காய்த் துண்டு 1 கிலோ, கல் உப்பு 150 கிராம், மிளகாய்ப்பொடி 100, கடுகுப்பொடி 50, வறுத்த வெந்தயப்பொடி 15, கொஞ்சம் மஞ்சள், பெருங்காயம். செக்கு நல்லெண்ணெய் கால் லிட்டரில் ஆரம்பித்து, துண்டு மூழ்கும்வரை. அடிபட்ட காயை இதில் சேர்க்காதீர்கள். கோடைக் காற்றில் விழுந்த காயில் அடிபட்ட இடத்தை அரிந்து நீக்கிவிட்டு, மீதியை உப்புப் போட்டு வற்றலாக்கலாம். ஜாடியிலோ கரண்டியிலோ ஈரம் கூடாது.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். கடுகு, ராகிக் கொல்லையில் அவரையோடு ஊடுபயிராக வரும். எள் மானாவாரியில் வரும். மிளகாயும் மஞ்சளும் வீட்டுப் பாத்தி போதும். வெந்தயமும் பெருங்காயமும் உப்பும் மட்டும் கடைக்கு. ஒரு கலப்புப் பண்ணையே ஜாடிக்குள் இருக்கிறது.

விற்க நினைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, சின்னதாகத் தொடங்குங்கள். கடை பாட்டில் மாதிரி செய்ய முயலாதீர்கள். எங்கே வாங்கினாலும் ஒரே ருசி வருவது ஆலையின் பலம். அதில் அவர்களை நாம் ஜெயிக்க முடியாது. நம்ம காட்டு எள், நம்ம வரப்பு மாங்காய் என்று வரும் ருசியை அவர்களால் செய்ய முடியாது.

உங்கள் ஊரில் ஊறுகாய்க்கென்றே வைத்திருக்கும் மாமரம் எது? அதற்கு ஒரு பெயர் இருக்கும், பெரியவர்களைக் கேளுங்கள். ஓட்டை வெயிலில் வைக்காமல் ஈரம் காயும் முன்னே நாலு கொட்டை ஊன்றி வையுங்கள்.