சிறைக்கு முன் ஒரு வாசல் – 11: எரவாடாவின் இன்னொரு வளாகம்

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தைச் சென்ற வாரமே பேசி முடித்தாயிற்று. குற்றம் நிரூபணமான பிறகும் சிறைக்கு அனுப்பாமல் பிணைப் பத்திரத்தில் விட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் புனே.

புனே என்றதும் நமக்கு எரவாடா சிறைதான் நினைவுக்கு வரும். 1932இல் காந்தி உண்ணாவிரதம் இருந்த இடம். அதே எரவாடாவில் அரசு மனநல மருத்துவமனை ஒன்றும் இருக்கிறது. 1986இல் அதன் வளாகத்தில் ‘முக்தாங்கண்’ என்ற போதை மறுவாழ்வு மையம் தொடங்கியது. அது தொடங்கிய கதையை இந்த வாரம் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு வித்திட்டது ஒரு தொடர் கட்டுரை!

அனில் அவச்சட் புனேயில் மருத்துவம் படித்துவிட்டுப் பேனாவைப் பிடித்தவர். மரச் சிற்பம் செய்தவர், புல்லாங்குழல் வாசித்தவர், காகிதத்தை மடித்து உருவங்கள் செய்தவர். எண்பதுகளில் பிரவுன் சுகர் என்ற ஹெராயின் வகை நகரத்துப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டபோது, அடிமையானவர்களோடும் அவர்களுடைய வீட்டாரோடும் உட்கார்ந்து பேசி, மராத்தியில் தொடராக எழுதினார். ‘கர்த்’ என்ற புத்தகமாகவும் அது வந்தது. அவர் மனைவி சுனந்தா அந்த மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர். கட்டுரைகளைப் படித்துக் கலங்கிப்போனவர்களில் பு.ல. தேஷ்பாண்டேயும் ஒருவர். மகாராஷ்டிரத்தையே சிரிக்கவைத்த அந்த எழுத்தாளரும் மனைவி சுனிதாபாயும், மையம் தொடங்கினால் பணம் தருகிறோம் என்று முன்வந்தார்கள். எழுத்து ஒருவர் மனத்தைத் தொடுவதே பெரிது. இங்கே அது கட்டிலும் மருந்தும் மருத்துவருமாக மாறியது. சுனந்தா 1997இல் புற்றுநோயால் இறந்தார். மகள் முக்தா புண்தாம்பேகர் பொறுப்பேற்றார். அங்கே குணமானவர்களில் பலர் அங்கேயே ஆலோசகர்களாக இருக்கிறார்கள். குடிநோயாளிகளின் மனைவிகளுக்கென்று ‘சஹசரி’ என்று தனிக் குழுவும் உண்டு.

நம் சென்னையிலும் இப்படி ஒருவர் உண்டு. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துக்கத்தோடு 1980இல் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்லும் சிகிச்சை மையம். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது 1985இல். அதன் 39ஆம் பிரிவின்படி, போதை உட்கொண்டதற்காகத் தண்டனைக்குரியவராகும் அடிமையை, அவர் சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்கு அனுப்பலாம். 1989இல் சேர்ந்த 64ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால், அவர்மீது வழக்கே நடத்த வேண்டாம். ஹெராயினில் சிறிய அளவு என்பது 5 கிராம் வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை இரக்கமான சட்டம் எங்கே தடுக்கி விழுகிறது? நேரத்தில்தான். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஹெராயின் நின்றுபோனால் உடம்பு அலறத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே 24 மணி நேரத்துக்குள்தான். மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் வலிக்கும், வாந்தி வரும், தூக்கம் இருக்காது. அடுத்த இரண்டு மூன்று நாள் உச்சம். அந்த நிலையில் கூண்டில் நிற்கும் பையன், ‘எனக்கு 64ஏ பிரிவின் கீழ் சிகிச்சை வேண்டும்’ என்று கேட்பானா? அப்படி ஒரு பிரிவு இருப்பதே அவனுக்குத் தெரியாது. வீட்டாரோ வெட்கத்தில் நீதிமன்றப் பக்கமே வராமல் இருக்கலாம். அவன் கேட்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. வாய் திறக்கவே முடியாத நேரத்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். இது என்னால் தாங்க முடியாத அநியாயம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. காயம் உண்டா, அடித்த தடம் உண்டா என்று அவர் எழுதிக்கொடுக்கிறார். அந்தத் தாளிலேயே, போதை நிறுத்தத்தின் அறிகுறிகள் உண்டா, சிகிச்சைக்குச் சம்மதமா என்று இரண்டு வரி சேர்க்கலாம். சம்மதத்தை அன்றைக்கே கறாராகக் கேட்காமல், வலி தணிந்த பிறகு இன்னொரு முறை கேட்க வேண்டும். ரிமாண்டுக்கு வரும் இலவச சட்ட உதவி வக்கீலின் மேசையில் பக்கத்து அங்கீகரித்த மையங்களின் பட்டியல் இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் அந்தத் தாளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டால்கூடப் பையன் போகும் திசை மாறலாம்.

2024 மே மாதம் இதே புனேயின் கல்யாணி நகரில் காரை மோதி இரண்டு ஐ.டி. ஊழியர்களின் உயிரைப் பறித்த 17 வயதுப் பையனுக்கு, சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்து 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்ன விவகாரத்தை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முக்தாங்கண் இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது. அந்த ஜாமீன் உத்தரவை ஊரே திட்டியது. ஆனால் சிறாருக்குச் சிறைக்குப் பதிலாக வேறு வழி தேடும் எண்ணத்தையும் சேர்த்துத் திட்டியது சரியா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)