மூச்சுப் பெட்டிக்குள்ளே ஒரு எட்டு!

பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருவது நமக்குப் புதிதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டம் அதைப் பழக்கிவிட்டது. பிசியோதெரபிகூட வீட்டுக்கே வருகிறது. அப்படியானால் நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவருக்கு? அங்கேதான், ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு விட்டு வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் ஒரு தொழில் ஒளிந்திருக்கிறது. விழுப்புரத்தில் ரயில் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் வழியாகத் திண்டிவனம் வரை அதன் உள்விவகாரங்களை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம், வாங்க!

வாடிக்கையாளர் யார்? விறகடுப்புப் புகையில் காலமெல்லாம் சமைத்த ஆயாக்கள். பீடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்யும் தாத்தாக்கள். வானூர்ப் பக்கம் கல் குவாரி, கிரஷர் தூசியில் உழைத்தவர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ படுத்து எழுந்து, ‘வீட்டிலேயே ஆக்சிஜன் வைங்க’ என்ற சீட்டோடு ஊர் திரும்புகிறார்கள். அந்தச் சீட்டு முக்கியம். மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி ஒரு மருந்து; எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். அதை வீட்டில் சரியாக நடத்திக் காட்டுவது ரெஸ்பிரேட்டரி டெக்னாலஜிஸ்ட்டின் வேலை. 2021-ன் துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் அவர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இப்போது அவர்கள் பையைத் திறப்போமா? பல்ஸ் ஆக்சிமீட்டர், ஸ்டெதஸ்கோப், மூக்கில் மாட்டும் குழாய்கள், மாற்று ஃபில்டர், டிஸ்டில்டு வாட்டர், இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர். அடியில் ஒரு டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர்! ஆமாம், முதல் சோதனை நோயாளிக்கு இல்லை, சுவரில் இருக்கும் பிளக்குக்கு.

அடுத்து நம் கதாநாயகன்: ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். சுமார் 15 கிலோ எடை. வீட்டுக் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகள் அழுத்தத்தில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, மறுமுனையில் 93 சதவீதம் வரை ஆக்சிஜன் வெளிவருகிறது. ‘புஸ்… புஸ்…’ என்று கேட்கிறதே, அது பிடித்த நைட்ரஜனை வெளியே துப்பும் சத்தம்!

புது மெஷின் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? சந்தனம், குங்குமம், அப்புறம் சூடம். “ஐயோ ஆயா, பொட்டு வைங்க, சூடம் மட்டும் வேணாம்!” என்று தடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு ஆகவே ஆகாது. விளக்கு, பீடி, அடுப்பு எல்லாம் தள்ளித்தான்.

இன்ஹேலர் பாடம் தனி காமெடி. பொடி கேப்சூலைக் கருவியில் போட்டு உறிஞ்சாமல், தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. பம்ப் என்றால் மெதுவாக இழுக்கணும், பொடி என்றால் வேகமாக இழுக்கணும். இரண்டிலும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கணும். ஸ்டீராய்டு மருந்தென்றால் வாய் கொப்பளிக்கணும். இதைச் சொன்னால் போதாது. செய்யச் சொல்லிப் பார்க்கணும்.

இனி தொழில் ரகசியம். கான்சென்ட்ரேட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. நாள்பட்ட ஆக்சிஜன் குறைவு உள்ள சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிகள் தினம் 15 மணி நேரமாவது வைத்துக்கொண்டால் ஆயுள் நீள்கிறது என்பது 1981-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு. “நாள் பூரா வைக்கிறோம் தம்பி” என்று வீடே சொல்லும். மீட்டர் நாலு மணி நேரம் என்று போட்டுக் கொடுக்கும்! காரணம் கரண்ட் பில். 350 வாட் மெஷின் 15 மணி நேரம் ஓடினால் தினம் ஐந்து யூனிட்டுக்கு மேல்; இரண்டு மாத பில்லில் 300 யூனிட் தாண்டிவிடும். இலவச 100 யூனிட் எந்த மூலைக்கு? இந்தக் கணக்கை முதல் நாளே உட்கார்ந்து பேசாதவர் மெஷினைத்தான் வாடகைக்கு விடுகிறார், மூச்சை இல்லை.

இன்னொரு வகை வீடும் உண்டு: பாசத்தில் லிட்டரைக் கூட்டிவிடுகிறவர்கள். சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிமீட்டரில் பொதுவாக 88 முதல் 92 சதவீதம் போதும். 99-க்கு ஏற்றினால் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கத்தில் தள்ளலாம். திருகைத் தொடாதீர்கள்!

கரண்ட் போனால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு ராத்திரியில் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். 1,500 லிட்டர் சிறிய சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் கணக்கில் பன்னிரண்டரை மணி நேரம் வரும். அதனால் மெஷின் இருக்கும் வீடெல்லாம் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்த அன்றே சிலிண்டர் வண்டி கிளம்பிவிட வேண்டும்.

ஆக, தொழில் தொடங்கும் கனவில் இருப்பவர்களே, மெஷினை இறக்கி வைக்க யார் வேண்டுமானாலும் வருவார்கள். வாடகை பேசும்போதே இரண்டாவது வருகைக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மீட்டரைப் பார்க்க, ஃபில்டரைக் கழுவ, மூச்சுப் பயிற்சிக்கு ஆயாவை உதட்டைக் குவித்து ஊத வைக்க, ‘பில் எவ்வளவு வந்துச்சு?’ என்று கேட்க. பெயர் வாங்கித் தருவதும் அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போவதும் அந்த இரண்டாவது வருகைதான்!