டானி பார்க்கர் சொல்லிக்கொடுத்த நடை

அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்னு ஒரு ஊர். அங்க ஒரு இசைக்கலைஞர் இறந்தா பேண்டு வாத்தியத்தோட ஊர்வலம் போகும். கல்லறைக்குப் போற வரைக்கும் சர்ச் பாட்டுங்கதான், அதுவும் ரொம்ப மெதுவா. ஸ்நேர் டிரம்முக்கு அடியில கைக்குட்டையைச் செருகி சத்தத்தை அமுக்கிடுவாங்க. அடக்கம் முடிஞ்ச பிறகுதான் தாளம் வேகமெடுக்கும், பின்னால வர்ற சனம் குடையை விரிச்சுக்கிட்டு ஆடும்.

1960கள் முடியுறப்போ இதை வாசிக்கத் தெரிஞ்சவங்க பெரும்பாலும் வயசானவங்க. இளசுங்க காது சோல், ஃபங்க் இசைப் பக்கம் திரும்பிடுச்சு. அப்போ இதைக் கையில எடுத்தவர் டானி பார்க்கர். பாடுவார், பாஞ்சோ வாசிப்பார், விடிய விடியக் கதை சொல்லுவார். 1909ல அந்த ஊர்லயே பிறந்தவர். தாத்தா ஐசிடோர் பார்பரின் ஆன்வர்டு பிராஸ் பேண்டுக்காரர், தாய்மாமா பால் பார்பரின் பேர்போன டிரம்மர். 1930ல நியூயார்க் போய், ஜாஸ் பாடகர் கேப் காலோவேயோட குழுவுலயும் பல வருஷம் இருந்துட்டு, 1965ல மனைவி ப்ளூ லூ பார்க்கரோட ஊர் திரும்பினார். அவங்களும் பாடகிதான்.

1970களோட தொடக்கத்துல ஃபேர்வியூ பாப்டிஸ்ட் சர்ச் பாஸ்டர் ஆண்ட்ரூ டார்பியோட சேர்ந்து, அக்கம்பக்கத்துப் பசங்களைக் கூட்டி ஒரு பேண்டு ஆரம்பிச்சார். முன்னால நின்னு டிரம்பெட் ஊதினது லீராய் ஜோன்ஸ், அப்போ சின்னப் பையன். லீராய் வீட்டு கார் ஷெட்டுலதான் பயிற்சி. பின்னால பெரிய ஜாஸ் கலைஞர்களான வின்டன் மார்சலிஸும் பிரான்ஃபோர்டு மார்சலிஸும் சிறுவர்களா அந்த பேண்டுல வாசிச்சாங்க.

பேண்டுக்கு வாய்ப்பு குவிய ஆரம்பிச்சதும், பசங்களை வெச்சு டானி ஆதாயம் பார்க்கிறார்னு இசைக்கலைஞர் சங்கத்துல புகார் கிளம்புச்சு. அவர் விலகிட்டார். எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா பசங்க கலையல, 1974ல ஹரிகேன் பிராஸ் பேண்டுன்னு தனியா கிளம்பிட்டாங்க.

வாத்தியார்னு அவரைச் சொல்றதுக்கு எனக்கு முக்கியமான காரணம் அவரோட சாவு. பிற்காலத்துல சில இளைஞர் பேண்டுங்க, துக்க ஊர்வலத்துலயே மெதுவான பாட்டை விட்டுட்டு எடுத்தவுடனே ஆட்டம்னு போனது அவரை நோகடிச்சுது. எனக்கு ஊர்வலமே வேண்டாம்னுட்டார். 1994ல அவர் இறந்தப்போ, அவர்கிட்ட பாடம் கேட்ட கிரெக் ஸ்டாஃபர்டு மாதிரி ஆளுங்க, முறை தவறாம செய்யறோம்னு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தாங்க. கருப்பு கோட்டு, தொப்பி, அளந்து வைக்கிற அடி. அவர் கேட்ட அதே மரியாதையோட ஊர்வலம் நடந்துச்சு.