தலைவலியா? மாத்திரைக்கு முன் விரலை நம்புங்கள்!

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ரெண்டு பனடோல் இருந்தா குடு” என்று கேட்காத வீடு லயத்தில் உண்டா?

மாத்திரை தப்பு என்று சொல்ல வரவில்லை. தலைவலி வந்த நாளெல்லாம் மாத்திரையை விழுங்குவதுதான் தப்பு. மாதத்தில் பத்து, பதினைந்து நாள் என்று மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே சாதாரணத் தலைவலிக்குக் காசில்லாத கைப்பக்குவம் ஒன்றைப் பார்ப்போம். இதைச் சீனர்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். ‘அக்குபிரஷர்’ என்று பெயர். ஊசி இல்லை, மருந்து இல்லை. விரலால் அழுத்துவதுதான் வைத்தியம்.

நம் வேலையும் நம் தலையும்

முதலில், வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, காலை முழுதும் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். கழுத்தும் தோள்பட்டையும் கட்டையாக இறுகிவிடும். அந்த இறுக்கம் பிடரி வழியாக ஏறி, தலையைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் வலிக்கும். பால் வெட்டுகிறவருக்கோ வேறு தொல்லை. விடியுமுன் நெற்றி விளக்கை மாட்டுகிறார். பட்டையை இறுக்கிக் கட்டினால் அதுவே வலி தரும். வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடி, பத்து மணி வரை பசியும் தாகமுமாக நின்றால் யாருக்குத்தான் தலை வலிக்காது?

இப்படிப்பட்ட வலிக்குத்தான் விரல் வைத்தியம் கை கொடுக்கும்.

எங்கே அழுத்துவது?

முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர விடுங்கள்.

1. பிடரி: மண்டை ஓடு முடிகிற இடத்தில், கழுத்து நரம்புக்கு இருபுறமும் இரண்டு குழிகள் தட்டுப்படும். இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்குப் பின்னால் வைத்து, கட்டை விரல்களால் அந்தக் குழிகளை மேல்நோக்கி அழுத்துங்கள். அண்ணாந்து வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் முக்கியமான இடம்.

2. கை: கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்தால் நடுவில் சதை புடைக்கும். புடைப்பின் உச்சியில் மற்றக் கையின் கட்டை விரலை வைத்து, விரலைத் தளரவிட்டு, ஆள்காட்டி விரல் எலும்பை நோக்கி அழுத்துங்கள். சீனர்கள் இதை ‘ஹெகு’ என்பார்கள். கர்ப்பிணிகள் இந்த இடத்தை மட்டும் தொடவேண்டாம் என்பது அவர்களே சொல்லும் எச்சரிக்கை.

3. புருவம்: மூக்குத் தண்டை ஒட்டி, இரண்டு புருவங்களும் தொடங்குகிற இடம். ஆள்காட்டி விரல்களால் மெதுவாக அழுத்துங்கள். கண்ணைச் சுற்றி வலிக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும்.

4. நெற்றிப்பொட்டு: கண்ணின் வெளி ஓரத்துக்குச் சற்றுப் பின்னால் உள்ள பள்ளம். இங்கே பலம் வேண்டாம். வட்டமாகத் தடவிக் கொடுத்தால் போதும்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம். “வலிக்குது, ஆனா சுகமா இருக்கு” என்கிற அளவுக்குத்தான் அழுத்தம். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு குவளை தண்ணீர் குடித்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருங்கள். தேவையானால் இன்னொரு சுற்று. புண், வீக்கம் உள்ள இடத்தில் அழுத்தக் கூடாது. தைலம் தடவிய விரல் கண் பக்கம் போகக் கூடாது.

இது எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று சொல்ல முடியாது. இறுகிய தசை தளர்வதாலும் மனம் அமைதியாவதாலும் பலருக்கு வலி குறைகிறது. சிலருக்குக் குறையாது. அவர்கள் மாத்திரை போடலாம். 500 மில்லிகிராம் பாரசிட்டமோல் என்றால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்களும் மதுப் பழக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

விரலை நம்பி இருந்துவிடாதீர்கள்

சில தலைவலிகளை அழுத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

திடீரென்று இடி விழுந்ததுபோல் வலி. வாய் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் விழுதல். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. குலையோ மட்டையோ தலையில் விழுந்தபின் வரும் வலி, வாந்தி, மயக்கம். வெயிலில் உடம்பு கொதித்து நினைவு தடுமாறுதல். இவற்றில் எது வந்தாலும் உடனே 999 அழையுங்கள். காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டிங்கியாக இருக்கலாம். ஆஸ்பிரின் போடாமல் அன்றைக்கே கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

மருந்து அடிக்கிற சகோதர சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. களைக்கொல்லி ‘பாராகுவாட்’ மலேசியாவில் 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் மற்ற மருந்தெல்லாம் பால்போல் ஆகிவிடவில்லை. மருந்து அடித்தபின் தலைவலியோடு வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்கல் இருந்தால் அது களைப்பு அல்ல, விஷம். உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்துக் கலனின் லேபலோடு மருத்துவமனைக்குப் போங்கள். “மண்டோர் திட்டுவாரு, அரை நாள் போயிடும்” என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். கையுறையும் முகமூடியும் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

அடிக்கடி தலை வலிக்கிறவர்கள் ஒருமுறை இரத்த அழுத்தமும் கண்ணும் சோதித்துக் கொள்ளுங்கள். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலி காட்டாமலே வளரும். ஆகவே வலி இல்லாதவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது ஒரு வெள்ளிதான்.

இன்று இரவே குடும்பத்தில் ஒருவருக்கொருவர் பிடரிக் குழியைத் தேடிப் பழகிக் கொள்ளுங்கள். நாளைக் காலை வேலைக்காட்டுக்குப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீரையும் இரண்டு ரொட்டித் துண்டையும் மறக்க வேண்டாம். பாதித் தலைவலி அதிலேயே நின்றுபோகும்.