தலைக்கவசத்தில் காமிரா ஏன் கூடாது?

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் வழவழப்பான தார்ப்பாதைதான் நம் நினைவுக்கு வரும். மேடும் பள்ளமும் சேறும் நிறைந்த மண்பாதையில் நடைபெறும் பந்தயங்களும் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வார விடுமுறை நாட்களில் தொழிலாளர்கள், அலுவலர்கள், மாணவர்கள் எனப் பலரும் பொழுதுபோக்காக இவற்றில் கலந்துகொள்கின்றனர். 50 சி.சி. எஞ்சின் பூட்டிய சிறு வண்டிகளில் பள்ளிச் சிறுவர்கள்கூடப் போட்டியிடுகின்றனர்.

இவர்களில் பலர் தலைக்கவசத்தின்மீது கையடக்கமான காமிரா ஒன்றைப் பொருத்திக்கொள்ள விரும்புகின்றனர். தாம் ஓட்டியதைப் பின்னர் பார்த்துத் தவறுகளைத் திருத்திக்கொள்ள அது உதவும். நண்பர்களுக்குக் காட்டியும் மகிழலாம். ஆயினும் பந்தயம் நடத்தும் அமைப்புகள் சில இதை முற்றிலும் தடுத்துள்ளன. சில, நிபந்தனைகளுடன் மட்டுமே அனுமதிக்கின்றன. சுமார் 150 கிராம் எடையுள்ள சிறு பெட்டியைப் பற்றி ஏன் இத்தனை கவலை?

கவசம் எவ்வாறு காக்கிறது?

தலைக்கவசத்தில் இரண்டு முக்கியப் பகுதிகள் உள்ளன. வெளியே கடினமான ஓடு. உள்ளே, தெர்மோகோல் என்று நாம் அழைக்கும் பொருளால் ஆன தடித்த உறை. தலை தரையில் மோதும்போது ஓடு அடியைப் பரந்த இடத்திற்குப் பகிர்ந்தளிக்கிறது. உறை நசுங்கி மோதலின் ஆற்றலை ஏற்றுக்கொள்கிறது. ஓர் அடியில் நசுங்கிய உறை மறுமுறை பயன்படாது என்பதும் இதனால்தான்.

ஓடு உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பது அழகுக்காக அன்று. ஓட்டுநர் கீழே விழும்போது அவர் உடல் முன்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கிறது. அப்போது தலை தரையில் வழுக்கிச் செல்ல வேண்டும். எதிலும் சிக்கி நின்றுவிடக் கூடாது. சிக்கினால் என்ன நேரும்?

ஒரு சிறு சோதனை

வாயகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, அதன்மேல் ஒரு துரும்பை மிதக்கவிடுங்கள். பாத்திரத்தைச் சட்டென்று திருப்புங்கள். பாத்திரம் திரும்பிவிடும், துரும்போ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கும். நிலைமத்தின் காரணமாக நீர் பின்தங்கிவிடுகிறது.

மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையும் மிகவும் மென்மையானது. தலை திடீரென்று சுழன்றால் மண்டையோடு முந்திக்கொள்ள, மூளை பின்தங்குகிறது. மூளைத் திசுக்கள் இழுபட்டு, நுண்ணிய நரம்பிழைகளும் இரத்தக் குழாய்களும் அறுபடக்கூடும். 1943ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹோல்போர்ன் என்ற இயற்பியலறிஞர், ஜெலட்டினால் மூளையின் மாதிரியுருவம் செய்து ஆராய்ந்து, மூளைக் காயங்களில் சுழற்சிக்கு முக்கியப் பங்கு உண்டு என்று எடுத்துரைத்தார்.

இனி காமிராவுக்கு வருவோம். தலையின் மையத்திலிருந்து கவசத்தின் மேற்பரப்பு 15 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். காமிராவும் அதன் தாங்கியும் சேர்ந்து மேலும் 7 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் மொத்தம் 22 செ.மீ. ஆகிறது. திருகைக் கல்லின் பிடி மையத்திலிருந்து தள்ளி இருந்தால் சுற்றுவது எளிதல்லவா? அதுபோலவே, காமிராவின் நுனியில் படும் விசையின் திருப்புத்திறன், அதே விசை ஓட்டின்மீது படுவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. மேலும், காமிரா மண்ணிலோ வண்டித் தடத்திலோ குத்திக்கொண்டால் வழுக்குதல் நின்று, விசையும் பெருகும்.

விதிகள் சொல்வது

அமெரிக்காவில் 1974 முதல் நடைமுறையிலுள்ள கூட்டாட்சித் தரம், தலைக்கவசத்தின் வெளிப்புறத்தில் உள்ள விறைப்பான துருத்தல்கள் 5 மி.மீ. அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஐரோப்பாவில் 2020ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட 22.06 என்ற தரத்தில், சாய்வான பரப்பின்மீது வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் கவசத்தை மோதவிட்டு, தலையின் சுழற்சியை அளக்கும் சோதனையும் சேர்க்கப்பட்டது.

1924இல் தோன்றிய அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் போன்ற அமைப்புகள், தரச் சான்று பெற்ற கவசத்தையே போட்டியாளர் அணிய வேண்டும் என்று விதித்துள்ளன. கடையில் வாங்கிய கவசத்தின்மேல் நாமே காமிராவை ஒட்டிவிட்டால், அது சோதனைக்கூடத்தில் தேர்வு பெற்ற கவசம்தானா? இந்தக் கேள்விதான் தடைக்கு அடிப்படை.

எதிர்வாதம்

மண்பாதைக் கவசங்களின் முன்புறத்தில் வெயிலையும் சேற்றையும் மறைக்கும் நீண்ட தகடு இருக்கிறதே, அது துருத்தல் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அத்தகடு, பலத்த அடி பட்டால் கழன்று விழும் வகையில் அமைக்கப்படுவது. காமிராவும் அப்படிக் கழன்றுவிடாதா? கழலலாம். எனினும் ஒட்டும் நாடாவின் பிடிப்பு வெப்பநிலை, தூசி, ஒட்டிய முறை, இழுபடும் திசை ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும். எப்போது விட்டுக்கொடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. கழன்று விழுந்த காமிராவும், பின்னால் வருபவரின் பாதையில் கிடக்கும் கல்லைப் போன்றதே.

1 மைக்கேல் ஷூமாக்கர், கார்ப் பந்தய வீரர், 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல் பனிச்சரிவில் விழுந்து தலையில் படுகாயமுற்றார். அவருடைய கவசத்தில் காமிரா இருந்ததால் இந்த விவாதம் உலகெங்கும் பரவியது. ஆனால் காமிராதான் காயத்தைக் கடுமையாக்கியது என்று நிறுவப்படவில்லை. எனவே காமிரா பொருத்திய ஒவ்வொரு கவசமும் ஆபத்தானது என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. அது சோதிக்கப்படாதது என்பதே உண்மை. சோதிக்கப்படாத ஒன்றைச் சிறுவர்களின் தலையில் வைத்துப் பார்க்க விதி வகுப்போர் துணியவில்லை.

படம் எடுக்க வேறு வழிகளும் உள்ளன. வண்டியின் சட்டத்தில் காமிராவை உறுதியாகப் பூட்டலாம். பந்தயப் பாதையோரம் நிற்கும் நண்பரிடம் கொடுக்கலாம். மார்புப் பட்டையில் அணிவதும் உண்டு. ஆனால் குப்புற விழுந்தால் அது நெஞ்செலும்பில் அழுந்தக்கூடும். எதைச் செய்வதாயினும் பந்தயத்திற்கு முன் நடைபெறும் சோதனையின்போது அலுவலரிடம் காட்டி அனுமதி பெற வேண்டும். கவசத்தின் ஓடு மட்டும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வழவழப்பாக இருக்கட்டும்.