மகளிர் செலவும் அதன் அளவையும்

செலவு என்னும் சொல் இன்று பணத்தைக் குறிப்பினும், பண்டை அகநூல்களில் செல்லுதலையே குறித்தது. மகளிர் செலவுக்குத் தொல்காப்பிய அகத்திணையியல் ஒரு வரையறை கூறுகின்றது. இளம்பூரணர் அதனைக் கடற்பயணத்திற்கே உரியதாகக் கொண்டார். நச்சினார்க்கினியரோ முந்நீர் என்பதனை ஓதல், தூது, பொருள் என்னும் மூன்றன் தன்மையாகக் கொண்டு, தடையை நிலத்திற்கும் விரித்தார். ஒரு சொல்லுக்குக் கொண்ட பொருளால் தடையின் பரப்பே மாறிற்று. நகர மகளிர் நடமாட்டத்தை அளக்கும் இக்காலக் கணக்குகளிலும் இதுவே நிகழ்கின்றது என்பது நம் கருத்து.

சேலம், நாமக்கல் சமவெளியைக் காண்போம். நாமக்கல் லாரி ஓட்டுநரும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளரும் இந்தியா முழுதும் சென்று மீள்வர். சேலம் அம்மாப்பேட்டையிலோ இராசிபுரத்திலோ நெசவாளர் இல்லத்துப் பெண் தார் சுற்றுகிறாள். நூல் வாங்கச் சங்கத்திற்கும், அரிசிக்கு நியாயவிலைக் கடைக்கும், பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்கும் செல்கிறாள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் பயண அட்டவணை, வேலையிடத்திற்குச் செல்லும் தொலைவையும் ஊர்தியையும் தருகின்றது. ஆயின் ‘பிற தொழிலாளர்’ என வகுக்கப்பட்டோர்க்கு மட்டுமே. உழவர், வேளாண் கூலியாளர், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோர் அதில் இலர். எனவே தறிவீட்டுப் பெண்ணின் மூன்று செலவுகளுள் ஒன்றேனும் அவ்வட்டவணையில் ஏறாது. பயணம் என்பதற்கு ‘வேலைக்குச் செல்லுதல்’ என்று பொருள் கொண்டதன் விளைவு இது.

2021 மே மாதம் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணத்தை நீக்கியது. பின்னர் வழங்கப்பெற்ற கட்டணமில்லாச் சீட்டுகள் புதியதோர் அளவையாயின. எனினும் சீட்டு எண்ணுவது ஏறுதலையே அன்றி ஆளை அன்று. இரு பேருந்து மாறுவோர் இருமுறை எண்ணப்படுவர். நடந்து செல்வோர் எண்ணப்படுவதே இல்லை.

காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இவற்றினும் சிறந்ததென்போம். நாட்டளவில் 2019இல் எடுக்கப்பட்ட அக்கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆடவர் 97 நிமிடமும் செலவிட்டனர். அத்தரவினை ஆராய்ந்தோர், நகர்ப்புறப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் முந்திய நாளில் வீட்டைவிட்டு வெளியே செல்லவில்லை எனக் கண்டனர். ஆடவரில் அத்தகையோர் 14 பேரே. இவ்வேறுபாடு பெரிது, ஐயமில்லை. ஆயினும் இக்கணக்கு நாளை அரைமணிக் கூறுகளாக்கி, ஒரு கூற்றில் பத்து நிமிடத்திற்குக் குறைந்த செயலை விட்டுவிடுவது. தெருக்குழாய்க்கும் முனைக்கடைக்கும் சென்று மீளும் குறுஞ்செலவு பலவும் அவ்வெல்லைக்குள் அடங்குவன. ஆதலின் 53 என்பதனுள் வாசற்படி கடவாதார் எத்துணையர், ஐந்து நிமிடமாகப் பலமுறை சென்று மீண்டார் எத்துணையர் என்று பிரித்தறிய வேண்டுமாயின், ஒவ்வொரு செலவையும் அதன் கால அளவு கருதாது, ஏன், யாருடன், எச்சுமையோடு என்று வினவிக் குறித்தல் வேண்டும்.